புடைத்த சக்கரமும் குழிந்த சக்கரமும்

கார்ப் பந்தய விளையாட்டுகளில் எனக்குப் பிடித்த இடம் பந்தயத்துக்கு முன்னால் வரும் பட்டறைதான். வண்டியை நிறுத்திவைத்து உயரத்தைக் குறைக்கலாம், சக்கரத்தை மாற்றலாம், சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். 2022-இல் வந்த கிரான் டூரிஸ்மோ 7-இல் ரிம்மின் விட்டம், அகலம் இரண்டோடும் சேர்த்து ஆஃப்செட் என்று ஒரு வரி இருக்கும். அதை மாற்றினால் சக்கரம் மட்கார்டின் விளிம்புப் பக்கம் நகர்ந்து வந்துவிடும். அதே கார், அதே பெயின்ட், நிற்கிற தோரணை மட்டும் வேறு. சில மில்லிமீட்டருக்கு இவ்வளவு வித்தியாசமா என்று வியந்துதான் இதைத் தோண்டத் தொடங்கினேன்.

சக்கரத்தின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு நடுக்கோடு. ஹப்பில் போய் உட்காரும் முகம், அதாவது ஸ்டட் துளைகள் உள்ள தட்டு, அந்தக் கோட்டிலேயே இருந்தால் ஆஃப்செட் பூஜ்ஜியம். முகம் தெருப் பக்கம் தள்ளியிருந்தால் பாசிட்டிவ். சக்கரம் வண்டிக்குள் அடங்கி உட்காரும். உள்பக்கம் தள்ளியிருந்தால் நெகட்டிவ். சக்கரம் வெளியே துருத்தும். இன்றைய முன்சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலும் 35 முதல் 50 மி.மீ. வரை பாசிட்டிவாக இருக்கும். அலாய் வீலின் பின்புறம் ஈ.டி. என்ற இரண்டெழுத்தோடு அந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள்.

சென்னை ஜி.பி. ரோட்டுக்கு அலாய் வாங்கப் போகிறவர்கள் பி.சி.டி., அதாவது ஸ்டட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், சரியா என்று தவறாமல் கேட்பார்கள். மாருதி 800-இன் நான்கு துளைகள் 114.3 மி.மீ. வட்டத்தில் இருக்கும், ஸ்விஃப்டில் 100. அது பொருந்தாவிட்டால் சக்கரம் ஏறவே ஏறாது, கடைக்காரரே திருப்பி எடுத்துக்கொள்வார். ஆஃப்செட் அப்படியல்ல. ஒவ்வாத எண்ணும் பல சமயம் ஏறிவிடும், நட்டும் முறுகிவிடும். விலை பிறகுதான் தெரியும். முன்சக்கரம் திரும்பும் அச்சைக் கீழே நீட்டினால் அது சாலையை ஓர் இடத்தில் தொடும். அந்தப் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் காரை வடிவமைத்தவர் யோசித்து வைத்திருக்கிறார். சக்கரத்தை வெளியே தள்ளினால் தூரம் கூடுகிறது. பிறகு ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிறது. வீல் பேரிங்கும் தனக்கு ஒதுக்காத சுமையைத் தாங்கவேண்டி வருகிறது.

விளையாட்டில் லாபம் உண்டு, இந்தச் செலவு பெரும்பாலும் இல்லை. இடது வலது சக்கரங்களுக்கு இடையே அகலம் கூடினால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும் பாரம் குறையும். நான்கு டயரும் இன்னும் சமமாகச் சாலையைப் பிடிக்கும். அதனால்தான் ஃபோர்ஸா ஹொரைசனில் ட்ராக் விட்த்தைத் தனி மேம்பாடாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே மழைக்குப் பிந்தைய பூந்தமல்லி–ஆவடி சாலை கிடையாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் கிடையாது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை அழுத்தமாக உறுதிசெய்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மனத்தாங்கல் இல்லை. தோரணைக்குத் திரையில் நிறைய இடம் இருக்கிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தில் நின்றபோதுதான் எனக்கு உண்மையான விருந்து கிடைத்தது. சிறுவயது முதல் பார்த்துவந்த ஒன்றுக்குக் காரணம் புரிந்தது. பேருந்தின் முன் சக்கரம் வெளிப்பக்கம் புடைத்திருக்கும். பின் சக்கரம் உள்ளே குழிந்திருக்கும். அந்தக் குழிக்குள்ளிருந்து ஹப் மட்டும் எட்டிப் பார்க்கும். முன்னுக்கு ஒரு வகை, பின்னுக்கு ஒரு வகை என்று இரண்டு விதமாகச் செய்கிறார்கள் என்றே பலரும் நினைப்பார்கள். இரண்டும் ஒரே சக்கரம். திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர். உள் சக்கரத்தை முன் சக்கரம் போலவே முகம் வெளியே பார்க்க மாட்டுகிறார்கள். வெளிச் சக்கரத்தைப் புரட்டி, முகத்தோடு முகம் சேர்த்து, இரண்டையும் அதே ஸ்டட்களில் முறுக்குகிறார்கள். இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை முதுகோடு முதுகாக ஒட்டவைத்தாற்போல. ஒட்டுவது தட்டுகளின் முதுகு மட்டும். டயர்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. பாரம் ஏறும்போது டயர் கீழே பிதுங்கும், பிதுங்கி உரசினால் சூடேறும், சூடேறினால் வெடிக்கும். ஆகவே இரு டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் வேண்டுமோ அதில் பாதி ஒவ்வொரு சக்கரத்தின் ஆஃப்செட் ஆகிறது. காரில் நாற்பது, ஐம்பது என்று பேசும் எண் இங்கே ஏறக்குறைய 165 மில்லிமீட்டரைத் தொடுகிறது. அதே சக்கரம் முன்னால் போகும்போது அந்த ஆழமே டயரை உள்ளே, திரும்பும் அச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறது. ஸ்டியரிங்குக்கும் நல்லது. எல்லாவற்றையும்விட, ஆறு இடத்துக்கும் ஒரே ஸ்டெப்னி போதும். வண்டி நடுவழியில் நிற்கும்போது இதைவிடப் பெரிய உதவி எது? பொறியியலில் எனக்குத் தெரிந்த மிக அழகான சிக்கனங்களில் இது ஒன்று.

என் அக்கா மகன் விளையாடுவது பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா. அந்நாட்டிலும் சாலையின் இடப்பக்கம்தான் போக்குவரத்து. நம் ஊர்ப் பேருந்துகள் அதில் இயல்பாகப் பொருந்திக்கொள்கின்றன. அரசுப் பேருந்து, தனியார் பேருந்து என்று தமிழ்நாட்டுப் பையன்கள் செய்து ஏற்றும் மோட்களில் பெயர்ப் பலகை, சீட்டு நிறம், ஹாரன் சத்தம் வரை உழைப்பு தெரியும். அவனும் ஒன்று செய்துகொண்டிருந்தான். பின் சக்கரமும் முன் சக்கரம்போலப் புடைத்திருந்தது. திருப்பிப் போடச் சொன்னேன். போட்டுப் பார்த்துவிட்டு, “மாமா, இப்பதான் பஸ் மாதிரி இருக்கு” என்றான். அப்படியானால் உள்ளே இன்னொரு டயர் வேண்டும் என்றேன். யாருக்கும் தெரியாத டயருக்கு எதற்கு மெனக்கெட வேண்டும், போன்தான் திணறும் என்று வாதாடினான். கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த உள் டயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராததற்குக் காரணம் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த தெருவின் முனையில் இரவில் லாரிகள் வந்து நிற்கும். விடியும்முன் டிரைவர் டீ குடிக்கப் போவார். கிளீனர் ஒரு இரும்பு ராடை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார். முன் டயரில் ஒரு தட்டு. பின் வெளி டயரில் ஒரு தட்டு. பிறகு குனிந்து, ராடை இடுக்கில் விட்டு, உள் டயரில் ஒரு தட்டு. அந்த மூன்றாவது தட்டுக்காக நான் திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பேன். காற்று இருந்தால் டங்கென்று எகிறும். இல்லாவிட்டால் தொப்பென்று செத்த சத்தம். அவர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருந்திருப்பார். ஒருநாள் ராடை என் கையில் கொடுத்து, “தம்பி, கண்ணால பாத்தா தெரியாது, காதுல கேளு” என்றார். தட்டினேன். கை அதிர்ந்தது. “இன்னொரு தடவ தட்டு, பக்கத்துல இருக்கறதோட சேத்துக் கேளு” என்றார். இரண்டும் ஒரே குரலில் பேச வேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கின் நியாயம் பின்னால்தான் புரிந்தது. ஜோடியில் ஒன்று காற்றிறங்கினால் பார்வைக்குத் தெரியாது. மற்றது தன் பங்கையும் அதன் பங்கையும் சேர்த்துச் சுமந்து வண்டியை நிமிர்த்தியே வைத்திருக்கும். இரண்டும் ஒரே ஹப்பில் பூட்டப்பட்டவை, ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஒன்று சற்றுத் தேய்ந்து சிறுத்திருந்தாலும் கிலோமீட்டர் கணக்கில் தரையோடு இழுபடும். இடுக்கில் கருங்கல் ஒன்று சிக்கினால் இரு டயர்களின் பக்கச் சுவரையும் அறுக்கும். ராட் அதைத் தள்ளிவிடவும்தான். டிரைவர் டீக்கடையிலிருந்தே, “உள் டயர் பாத்தியாடா?” என்று குரல் கொடுப்பார். வெளி டயரைப் பற்றி அவர் கேட்டதாக நினைவில்லை.

அந்த லாரிகளின் சக்கரம் அநேகமாக எங்கள் பக்கத்திலேயே பிறந்தது. 1960-இல் தொடங்கிய வீல்ஸ் இந்தியாவின் ஆலை பாடியில் இருக்கிறது. சுற்றிலும் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். பாடியிலிருந்து எம்.டி.எச். சாலையில் மேற்கே வந்தால் அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை. ஆலை மூடியும் பேருந்து நிறுத்தத்துக்கு டன்லப் என்றே பெயர். ரிம் ஓரிடத்தில், டயர் ஓரிடத்தில், இரண்டையும் மாட்டிக் கழற்றும் பஞ்சர் கடைகள் நடுவில் என்று ஒரே சாலையில் வளர்ந்தவன் நான். ஆஃப்செட் என்ற எண்ணைச் சந்திக்க ஜப்பானியர் செய்த விளையாட்டு வரை போயிருக்க வேண்டியதில்லை.

இன்னும் மேற்கே போனால் ஆவடி. அங்கே இரட்டைச் சக்கரத்துக்கு வேறொரு காரணம் இருக்கிறது. கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்யப்படும் டாங்கிகளின் சாலைச் சக்கரங்களும் ஜோடிதான். அங்கே இடைவெளி உரசலைத் தவிர்க்க மட்டும் விட்டதல்ல. இரும்புச் சங்கிலிப் பட்டையின் உள்பக்கத்தில் வரிசையாகக் கொம்பு போன்ற பற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஜோடிச் சக்கரங்களின் நடுவே புகுந்து ஓடும். டாங்கி திரும்பும்போது பட்டை கழன்று விழாமல் பிடிப்பது அந்தச் சந்துதான். பேருந்தில் எதுவும் நுழைந்துவிடக் கூடாது என்று ராட் விட்டுப் பார்க்கிற அதே இடத்தில், இங்கே இரும்பே நுழைந்து ஓடுகிறது.

1965-இல் ஆவடியில் வெளிவரத் தொடங்கிய விஜயந்தா டாங்கிகள் ஓய்வுபெற்று இப்போது பல ஊர்களில் நினைவுச் சின்னமாக நிற்கின்றன. எங்கே பார்த்தாலும் நான் குனிந்து அந்தச் சந்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். ஒருமுறை பீரங்கிக் குழாயைப் பிடித்துத் தொங்கப் பார்த்த ஒரு சிறுவன், நான் எதைப் பார்க்கிறேன் என்று இறங்கி வந்தான். பல்லையும் சந்தையும் காட்டினேன். கவனமாகப் பார்த்துவிட்டு, “அங்கிள், இதுக்கு ஸ்டெப்னி எங்க?” என்றான். பக்கத்துக்கு ஆறு ஜோடி இருக்கிறது, ஒன்று கெட்டாலும் மீதி ஐந்து சுமக்கும் என்றேன். அவனுக்கு அது போதவில்லை. சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தான்.