காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவே திருத்தணி

கேள்வி: ‘எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடுகள். ஏழு வயதில் மகள், நாலு வயதில் மகன். என் நாத்தனார் குடும்பம் மலேசியா போய், பத்துமலையில் எடுத்த படங்களை அனுப்பியதிலிருந்து “நாம எப்பம்மா போறது?” என்று இரண்டும் கேட்கின்றன. மாட்டை விட்டுவிட்டு எங்கே போவது? செலவு அதிகமில்லாமல் பிள்ளைகளோடு போய்வர ஓர் இடம் சொல்லுங்கள்.’

– காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் பதில் எழுதியே பழக்கப்பட்டவன் நான். திருத்தணி வட்டாரத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் உங்கள் கடிதம் என்னிடம் வந்திருக்கிறது. பத்துமலைக்கு 272 படி. திருத்தணிக்கு 365 படி. அங்கேயும் முருகன், இங்கேயும் முருகன். உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து அரக்கோணம் வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர்தான். விடியலில் பாலைக் கறந்துவிட்டுக் கிளம்பினால், மாலைக் கறவைக்குத் திரும்பிவிடலாம். சென்னைப் பக்கத்து வாசகர்களுக்குத் திருத்தணி வரைக்குமே புறநகர் ரயில் இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது.

இடத்தைச் சொல்லிவிட்டேன். ஆனால் எந்த இடம் என்பதைவிட எந்த நாளில், எப்படிப் போகிறோம் என்பதுதான் முக்கியம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

இருபது வருடத்துக்கு முன்பு, விடுப்பு கிடைத்ததே என்று ஆடிக் கிருத்திகையன்று குடும்பத்தோடு கிளம்பினேன். திருத்தணி, அப்படியே திருப்பதி, காளஹஸ்தி, திரும்பும் வழியில் திருவாலங்காடு என்று ஒரே மூச்சில் திட்டம். ஆடிக் கிருத்திகைக்குத் தமிழ்நாட்டுக் கூட்டமும் ஆந்திரக் கூட்டமும் சேர்ந்து பூக்காவடியோடு வரும். மலையே மஞ்சளாகத் தெரியும். அந்த நெரிசலில் என் நாலு வயது மகளின் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. அரைமணி நேரம். அடிவாரத்தில் ஒரு பூக்கார அம்மா அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற ஊர்களை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். அதன்பிறகு பல வருடம், கோயில் என்றாலே அவள் அம்மா சேலையைப் பிடித்துக்கொள்வாள். குற்றம் கூட்டத்தின் மீது இல்லை. நாளைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

ஆகவே ஆடிக் கிருத்திகை வேண்டாம். டிசம்பர் 31 இரவும் வேண்டாம். அன்று ஒவ்வொரு படியிலும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடி ஏறுவார்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த படித் திருவிழா அது. பெரியவர்கள் பார்க்க வேண்டியது, சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. மே மாதமும் வேண்டாம். கத்தரி வெயிலில் மாநிலத்திலேயே அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களில் திருத்தணியும் ஒன்று. வெறுங்காலில் கல்படி ஏறும் பிள்ளைக்கு அது தண்டனை. மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை, விசேஷம் இல்லாத ஒரு சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ பாருங்கள். கிருத்திகை, தைப்பூசம், பொங்கல் விடுமுறை இல்லாத நாளா என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி படி. ஆண்டுக்கு 365 நாள், மலைக்கு 365 படி என்று சொல்வார்கள். பிள்ளைகளோடு இதை ஒரு விளையாட்டாக்கலாம். முதல் படி ஜனவரி 1 என்றால், பொங்கல் 14-ஆம் படி, சுதந்திர தினம் 227-ஆம் படி. உங்கள் மகளை அவள் பிறந்தநாள் படியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதற்காகவே ஏறிவிடுவாள். உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் படியில் விதைத்தால், ஏ.டி.டி. 43 நெல்லுக்கு 110-ஆம் படியில் அறுவடை. டி.கே.எம். 13-க்கு 130-ஆம் படி. அந்த டி.கே.எம். ரகங்கள் பிறந்ததும் இதே மாவட்டத்துத் திரூரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில்தான்.

சின்னவன் பாதியில் உட்கார்ந்துவிடுவான். உட்காரட்டும். அவசரப்படுத்தாதீர்கள், அடிக்காதீர்கள். ஏற முடியாத பாட்டி தாத்தா கூட வந்தால், மலைமேல் வரை வண்டிப்பாதை இருக்கிறது. கையில் தின்பண்டப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள், குரங்கு பறித்துவிடும். இரண்டு பிள்ளைகளின் மணிக்கட்டிலும் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

மேலே போய்ச் சாமி கும்பிட்டதும் உடனே இறங்காதீர்கள். சுற்றிலும் வயலும் மலையும் தெரியும். வடக்கே கையைக் காட்டி, அது ஆந்திரா என்று சொல்லுங்கள். இந்த ஊரே ஒரு காலத்தில் ஆந்திராவில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடியதன் பலனாக, 1960 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வீட்டைவிட்டு நகராமலே மாநிலம் மாறியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். பள்ளியில் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறார்களே, அந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்ததும் இங்கேதான். பாடப்புத்தகத்தில் படித்த ஊரில் நிற்கிறோம் என்பதே ஏழு வயதுக்குப் பெரிய சங்கதி.

கதை கேட்டால் வள்ளி கதையைச் சொல்லுங்கள். சூரனோடு போரிட்ட சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடம், வள்ளியை மணந்த இடம் என்பது தலபுராணம். வள்ளி யார்? தினைக் கொல்லையில் பரண்மேல் நின்று, கவண் வீசிக் கிளி விரட்டிய பெண். கம்புக் கொல்லையில் தகரம் தட்டிக் குருவி விரட்டும் உங்கள் பிள்ளைகளுக்கு அவள் யாரோ எவளோ இல்லை, பக்கத்துக் கொல்லைக்காரி.

கடைசியாக மாடு. ஆள் மாறினால் மாடு பாலை அடக்கும். திரும்புவதில் தாமதம் ஆகலாம் என்று நினைத்தால், மாலையில் கறக்கப்போகிறவரை நாலு நாள் முன்பிருந்தே உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துக் கறக்கவிடுங்கள். தீவனத்தை முதல் நாளே அறுத்துவைத்து, எவ்வளவு என்று அளந்து காட்டிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிடுங்கள். வயலுக்குத் தண்ணீர் முறை வராத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்களுக்கு ஒத்தாசை செய்தவர் வீட்டுப் பிள்ளைகள் போகட்டும், அவர்கள் மாட்டை நீங்கள் கறந்துகொடுங்கள்.

அன்றைக்கு வேறு ஊர் எதையும் சேர்க்காதீர்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷம், வங்கி வேலை, உரக்கடை எதுவும் வேண்டாம். நாம் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவதே கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். அவர்களுக்காகவே ஒரு நாள் போனோம் என்று இருக்கட்டும்.

போய்வந்து எழுதுங்கள். சின்னவன் எத்தனையாவது படியில் உட்கார்ந்தான் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.