ஓநாய் மனிதன்

பேயில்லை, பிசாசில்லை என்று மேடையேறி முழங்குவோர் பேய்க்கதையைச் சுவைக்கலாமா? ஜூஜுவாடித் தோழர் ஒருவர் நம்மை நோக்கி வீசிய வினா இது. சுவைக்கலாம். சுவைத்தோம்!

ஸ்டீபன் கிங் எழுதி, பெர்னி ரைட்சன் ஓவியம் தீட்டி, 1983-இல் வெளிவந்த 'சைக்கிள் ஆஃப் தி வேர்வுல்ஃப்' என்னும் சிறு நவீனம். திங்களுக்கு ஓர் அத்தியாயமாகப் பன்னிரண்டே அத்தியாயங்கள். அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில், முழுநிலாத் தோறும் ஒரு மனிதன் ஓநாயாகிறான், ஊர் நடுங்குகிறது. ரைட்சனின் பக்கங்களில் பல்லும் பனியும் குருதியும் நம்மை உறைய வைக்கின்றன. உறைந்தோம், மகிழ்ந்தோம், ஏட்டை மூடினோம். விளக்கணைத்துத் தூங்கவும் செய்தோம்.

நிலவுக் கணக்குதான் இடித்தது. பிப்ரவரி 14-இல் முழுநிலா, ஜூலை 4-இல் முழுநிலா, ஆண்டின் கடைசி நாளிலும் முழுநிலா! முழுநிலா மீண்டும் வர ஏறத்தாழ 29.5 நாள் ஆகுமே! கதைக்காக நிலவை வளைத்தேன் என்று ஆசிரியரே பின்னுரையில் ஒப்புக்கொள்கிறார். நம் பஞ்சாங்கக்காரரில் எத்தனை பேர் இப்படி ஒப்புக்கொண்டனர்?

ஊரைக் காப்பவன் யார்? வீரனல்லன், வேதியனல்லன், சக்கர நாற்காலியில் வாழும் பத்து வயதுச் சிறுவன். பட்டாசைக் கொளுத்தி எறிந்து விலங்கின் ஒரு கண்ணைப் போக்குகிறான். அவன் சொல்லைப் பெரியவர்கள் ஏற்கவில்லை. பயத்தில் பிதற்றுகிறான் என்றனர். சிறுவனோ காத்திருந்தான், ஊரில் எவருக்கு ஒரு கண் போயிற்று என்று பார்த்தான். கண்ணை மறைத்துக் கட்டியிருந்தவர், பாதிரியார்! கொலைகளையும் கடவுள் சித்தத்தில் சேர்த்து ஆறுதல் தேடும் பாதிரியார்! பார்த்து, ஒப்பிட்டு, முடிவுக்கு வருதல் என்னும் நம் பாடத்தைப் பேய்க்கதையே நடத்துகிறது, தோழர்களே!

ஏட்டுக்குள் இருக்கும் ஓநாய் எவரையும் கடிப்பதில்லை. ஏட்டைவிட்டு இறங்கினால்? நம் எல்லைக்கு அப்பால், பெங்களூரில், 1990-களில், இரவில் கதவைத் தட்டும் பேய்க்காரி திரும்பிப் போகட்டுமென்று 'நாளெ பா' என வீட்டு வாசலில் எழுதி வைத்தனர். சிரித்துவிடலாம், சுண்ணாம்புதான் செலவு. 1996-இல் உத்தரப்பிரதேசத்தின் பிரதாப்கர், சுல்தான்பூர், ஜவுன்பூர் பகுதிகளில் ஓநாய்கள் குழந்தைகளைத் தூக்கிச் சென்று கொன்றபோது சிரிக்க முடியவில்லை. பாதி மனிதன், பாதி ஓநாய் என்று ஊரார் நம்பினர். அதற்கு 'மனாய்' என்று பெயரும் இட்டனர். காட்டு விலங்கியல் ஆய்வாளர்கள் தடயங்களைத் தேடி, இது ஓநாயின் வேலையே என்று காட்டினர். அதற்குள், வழியில் வந்த அந்நியர்கள் அடித்துக் கொல்லப்பட்டனர்.

அது வடக்கே என்று தோழர் சொல்லக்கூடும். 2018 மே திங்களில், நம் திருவண்ணாமலை மாவட்டத்து அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் ஒரு மூதாட்டி. பிள்ளை பிடிப்பவள் என்று ஊர் கூடி அடித்தது. இறந்துபோனார்.