நாட்பட்ட தேறல்

ஈப்போ நகரில் வழக்கறிஞர் ஒருவரின் இல்லத்தில், ஆடை அலமாரியின் அடித்தட்டில், மடித்து வைத்த வேட்டிகளுக்கும் பழைய சட்ட நூல்களுக்கும் நடுவே ஒரு சிறு புட்டி 38 ஆண்டுகள் நின்றுகொண்டிருந்தது. ஒரு சாண் உயரங்கூட இராது. உள்ளிருந்தது பீர். அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் அவருடைய மனைவியார் அதை இரு விரல்களால் தூக்கிப் பிடித்து, "இதை ஊற்றித் தொலைத்தால்தான் என்ன?" என்று கேட்பார். "இன்னும் நாளாகவில்லை" என்பதே அவர் வழக்கமாகத் தரும் விடை.

அந்தப் புட்டி வாங்கப்பட்டது 1979ஆம் ஆண்டில். அப்போது அவர் இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்தார். உடன் பயின்ற நண்பரும் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவரே. இருவரும் பால்மரக் காட்டின் பிள்ளைகள். கள்ளுக்கடை வாசலில் தந்தைக்காகக் காத்து நின்ற மாலைகளை இருவருமே அறிவார்கள். கூலியில் ஒரு பங்கு கள்ளுக்கடைக்கே போன வீடுகளின் கதையைத் தோட்டத் தமிழருக்கு யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

நண்பருக்கு ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் மீது அளவிறந்த பற்று. ஹார்டி 1886இல் வெளியிட்ட 'காஸ்டர்பிரிட்ஜ் நகரத் தலைவர்' என்னும் நாவலின் நாயகன் குடிமயக்கத்தில் மனைவியையே விற்றுவிடுகிறான். தெளிந்த பின்னர், 21 ஆண்டுகள் மதுவைத் தொடுவதில்லை என்று சூளுரைக்கிறான். தோட்டத்துப் பிள்ளையின் நெஞ்சில் இக்கதை ஆழத் தைத்ததில் வியப்பில்லை. காஸ்டர்பிரிட்ஜ் என்று ஹார்டி பெயரிட்டது டார்செட் மாவட்டத்து டார்செஸ்டர் நகரைத்தான். விடுமுறையில் ஒருநாள் நண்பர்கள் இருவரும் வாட்டர்லூ நிலையத்தில் இரயிலேறி அந்நகருக்குச் சென்றனர்.

அங்கே அவர்கள் கண்ணிற்பட்டது எழுத்தாளரின் பெயரையே தாங்கிய பீர். 'எக்காளப் படைத்தலைவர்' என்று பொருள்படும் 1880ஆம் ஆண்டு நாவலில் ஹார்டி அந்நகரத்து வலிய பீரை நாவூறப் புகழ்ந்திருக்கிறார். அவர் மறைந்து 40 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி 1968இல் அவ்வூர் மதுவடிப்பாலை அப்புகழுரைக்கு ஈடாகும்படி ஒரு பீரை வடித்தது. சாதாரண பீரில் நூற்றுக்கு நான்கோ ஐந்தோ பங்கு சாராயச் சத்து இருக்கும். இதில் ஏறத்தாழ 12 பங்கு. குளிர்ந்த இடத்தில் காத்துவைத்தால் 25 ஆண்டுகள் தாங்கும் என்று அதற்கு உறுதியும் கூறப்பட்டது.

நண்பர்கள் நகைத்துவிட்டனர். விடியலில் இறக்கிய கள் இனிக்கும், மாலையில் புளிக்கும், மறுநாள் காடியாகிவிடும். அவர்கள் அறிந்த மது அது ஒன்றே. ஆயினும், மூங்கிற் குழாயில் நெடுநாள் முதிர்ந்த தேறலையும் நிலத்திற் புதைத்துப் பழுக்கவைத்த மதுவையும் சங்கப் புலவர் பாடியிருப்பதை நண்பர் நினைவூட்டினார். "நம் பாட்டன் அறிந்ததை நாம் மறந்தோம், வெள்ளைக்காரன் மறக்கவில்லை" என்றாராம்.

மூன்று புட்டிகள் வாங்கினர். ஒன்றை அன்றிரவே திறந்து பகிர்ந்துகொண்டனர். பாகுபோலத் தித்தித்து, தொண்டையில் நெருப்பாக இறங்கியது. நண்பருக்கு அது பிடித்திருந்தது. "மற்ற இரண்டையும் இப்போதே குடித்துவிடுவோம். நாளைக்கு யார் இருப்பாரோ, யார் கண்டது?" என்றார். மற்றவர் இணங்கவில்லை. ஆளுக்கொரு புட்டி, 2004ஆம் ஆண்டில் ஒன்றாக அமர்ந்து திறப்பது என்று ஓர் ஒப்பந்தம். சட்டம் பயில்பவர் அல்லவா!

பீரைக் காத்துவைப்பது ஆங்கிலேயரிடையே பழைய வழக்கம். செல்வர் வீட்டில் மகன் பிறந்தால் வலிய பீர் வடித்து, அவன் 21 வயதை எட்டும் நாளில் திறப்பதுண்டு. பர்ட்டன் நகரத்து பாஸ் நிறுவனம் 1869இல் தன் பங்குதாரர் குடும்பத்தில் ஒரு மகவு பிறந்ததைக் கொண்டாட வடித்த பீர், 2006இல் அந்நகரத்து நிலவறையில் கண்டெடுக்கப்பட்டது. 137 ஆண்டுகள் கழித்தும் அது குடிக்கத்தக்கதாகவே இருந்தது. சாராய வலிமையும், மிகுந்த மால்ட்டின் செறிவும், புட்டியின் அடியில் உறங்கும் ஈஸ்ட்டும் அதைக் காத்தன. மெல்ல நுழையும் பிராணவாயு, வலியற்ற பீரை ஈரக்காகிதம்போல நாறச் செய்கிறது. வலிய பீரிலோ உலர்திராட்சையின் மணத்தையும் ஷெர்ரி மதுவின் சாயலையும் எழுப்புகிறது.

ஆனால் எல்லாப் பீருக்கும் இந்த யோகம் இல்லை. ஹாப்ஸ் பூவின் மணத்தையே உயிராகக் கொண்ட பீரை வாங்கிய சூட்டோடு குடித்துவிட வேண்டும். சில மாதங்களிலேயே அம்மணம் ஓடிவிடும். இரண்டு பருவத்துக்கும் இசைவது, பெல்ஜியத்து ஓர்வால் மடத்தில் வடிக்கப்படும் பீர். இளமையில் அதில் ஹாப்ஸின் கசப்பு ஓங்கி நிற்கும். ஆறு மாதங்களுக்குப் பின் பிரெட்டனோமைசிஸ் என்னும் ஈஸ்ட் வகை தன் வேலையைக் காட்ட, பழைய தோலின் மணமும் வறண்ட சுவையும் மேலோங்கும். எது சிறந்தது என்று அங்குள்ளோர் இன்றும் வழக்காடுகிறார்கள்.

வழக்கறிஞர் 1981இல் தாயகம் திரும்பியபோது புட்டியும் பெட்டிக்குள் வந்தது. ஈப்போவில் நிலவறைக்கு எங்கே போவது? குளிர்சாதனப் பெட்டியில், பால் இருக்கும் இடத்தில், மதுவை வைக்க மனைவியார் ஒப்பவில்லை. ஆகவே அலமாரி.

1989 தீபாவளிக்கு நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். உணவு முடிந்தபின், "அந்தப் புட்டியை எடுப்போமா? என்னுடையதையும் கொண்டு வந்திருக்கிறேன்" என்றார். "இன்னும் 15 ஆண்டுகள் இருக்கின்றனவே" என்று மறுத்துவிட்டார் வழக்கறிஞர். நண்பர் வற்புறுத்தவில்லை. தம் புட்டியை மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டார். 1996இல் மாரடைப்பால் காலமானார்.

2004 வந்தது, சென்றது. அவர் அலமாரியைத் திறக்கவே இல்லை. பின்னர் ஒருநாள் பேரனின் வேதியியல் பாடநூலைப் புரட்டியபோது, வெப்பம் பத்துப் பாகை ஏறினால் பல வேதிமாற்றங்களின் விரைவு ஏறத்தாழ இருமடங்காகும் என்ற பொதுக்கணக்கு அவர் கண்ணிற்பட்டது. ஆங்கில நாட்டு நிலவறையின் குளிர் சுமார் 13 பாகை. ஈப்போ அலமாரியின் வெப்பம் 30. பென்சிலால் பாடநூலின் ஓரத்திலேயே கணக்கிட்டார். அங்கே 25 ஆண்டுகளில் நிகழ்வது இங்கே எட்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். 1981உடன் எட்டைக் கூட்டினார். வந்த விடையை எழுதவில்லை, பென்சிலை வைத்துவிட்டார். கூட்டல் தெரிந்த பேரன், "தாத்தா, 1989" என்று முடித்து வைத்தான்.

2019இல் நண்பரின் மகள், தமிழாசிரியையாகப் பணியாற்றுபவர், தந்தையின் புட்டியை நாளிதழில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். வீடு மாறும்போது கிடைத்ததாம். "மாமா, இது உங்களுக்குத்தான் சேரவேண்டும் என்று அம்மா சொன்னார்கள்."

"உட்காரம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்துபோய்த் தம்முடையதை எடுத்து வந்தார். மூடி துருவேறியிருந்தது. திறந்தபோது ஓசை எழவில்லை, நுரையும் இல்லை. கடுந்தேநீரின் நிறம். பேரீச்சம்பழமும் பழம்புளியும் சீனர் உணவகத்துச் சோயாக் குழம்பும் ஒருங்கே மணத்தன. ஆசிரியை முகர்ந்து பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். அவர் ஒரு வாய் அருந்தினார். சற்று நேரம் கழித்து இன்னொரு வாய்.

"கெட்டுவிட்டதா, மாமா?"

"கெடவில்லை அம்மா. கடந்துவிட்டது."

"அப்பா இதைத் திறக்கச் சொல்லி ஒருமுறை கேட்டாராமே?"

"கேட்டான்" என்றார் அவர்.

கோப்பையில் எஞ்சியதைக் கொட்டாமல் முழுவதும் குடித்தார். ஆசிரியை புறப்படும்போது மற்றப் புட்டியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். மனைவியார் வெற்றுப் புட்டியைக் கழுவி, வாய் கீழாகச் சன்னலோரம் கவிழ்த்து வைத்தார்.