சொட்டறது ஒரு இடம், ஒழுகறது ஒரு இடம்

பழைய மோட்டார்ஹோம் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டிக்குக் கீழே அட்டையை விரிச்சு வெச்சு, காலைல காபிக்கு முன்னாடி எத்தனை சொட்டு விழுந்திருக்குன்னு எண்ணிடுவோம்.

நம்ம வண்டி 1986 மாடல். முன்னாடி ஃபோர்டு ஈ-350 வேன், பின்னாடி மரச்சட்டத்துல கட்டின குட்டி வீடு. எஞ்சின் 460 கன அங்குலம், அதாவது 7.5 லிட்டர் வி8. இந்த மாதிரி வண்டிங்க வருஷத்துல மூணு வாரம் ஓடும், மிச்ச நாளெல்லாம் நிக்கும். ஓடித் தேயறதை விட நின்னு காயறதுதான் ஜாஸ்தி. ரப்பர் சீல் விறைச்சுப் போகும், கார்க் கேஸ்கெட் அப்பளமா நொறுங்கும். இதுல கம்பெனியைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை, வயசு அப்படி.

சொட்டினா என்ன, ஊத்திக்கிட்டா போச்சுன்னு சிலர் சொல்லுவாங்க. ஆயில் குறையறது பெரிய விஷயமில்லைங்க. அது எங்கே விழுதுங்கறதுதான் விஷயம்.

போன கோடையில செக்கோயா மரங்களைப் பார்த்துட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் திரும்பறோம். ஐ-5ல கிரேப்வைன் ஏற்றம், நல்ல வெயில். திடீர்னு கருகின வாசனை. இந்த வேன்ல எஞ்சின் முன்சீட்டு ரெண்டுக்கும் நடுவுல, ஒரு மூடிக்கு அடியில இருக்கும். 'டாக்ஹவுஸ்'னு பேரு, நாய்க்கூண்டு! அதனால வாசனை நேரா மூக்குக்கே வந்துடும். ஓரம் கட்டிப் பார்த்தா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுலேருந்து புகை. பக்கத்துல பெட்ரோல் குழாய், பின்னாடி புரொபேன் தொட்டி, சுத்தி பிளைவுட். ராத்திரி பசங்க தூங்கறது டிரைவர் சீட்டுக்கு மேல இருக்கற பரண்ல. தங்கமணி ஒண்ணும் சொல்லலை. பசங்களை இறக்கித் தள்ளி நிக்க வெச்சுட்டு, தீயணைப்பானைக் கையில எடுத்துக்கிட்டு நின்னாங்க. அதுவே போதுமே.

ஒர்க்‌ஷாப்ல கீழேருந்து டார்ச் அடிச்சுப் பார்த்தவர், "ரியர் மெயின் சீல் போச்சு" அப்படின்னார். எஞ்சினைத் தூக்கி ஆயில் பேனை இறக்கணுமாம், கிட்டத்தட்ட 2000 டாலர். எஞ்சினோட பின்பக்கம் ஈரமா இருந்தது உண்மைதான். ஆனா அந்த சீல் இருக்கறது கீழே, பின்னாடி. புகை வந்தது மேலேருந்து. ஆயில் மேல்நோக்கி ஏறுமா என்ன?

ஆயில் கீழே இறங்கும், ஓட்டத்துல காத்து அதைப் பின்னாடி தள்ளும். அதனால ஈரத்துல எது உச்சியோ, எது முன்னாடியோ, அங்கேதான் தேடணும். ஆறின எஞ்சினை டீக்ரீசர் போட்டுக் கழுவிக் காயவிட்டேன். சந்தேகமான இடத்துலெல்லாம் பவுடர் தூவி, கால் மணி நேரம் ஓட விட்டேன். வெள்ளையில ஆயில் கோடு பளிச்சுன்னு தெரியும். பவுடர்ல பிடிபடலைன்னா, ஆயில்ல கலக்கற சாயம் கிடைக்குது. புறஊதா விளக்குல மினுங்கும்.

கோடு ஆரம்பிச்சது வால்வ் கவரோட பின்மூலையில. அதோட நிக்காம பிசிவி வால்வையும் பிடுங்கிப் பார்த்தேன். எஞ்சினுக்குள்ள கசியற வாயுவை உறிஞ்சி மறுபடி எரிய அனுப்பற சின்ன சாமான். அது அடைச்சா உள்ளே அழுத்தம் ஏறி, எந்த கேஸ்கெட் வீக்கோ அது வழியா ஆயில் பிதுங்கும். குலுக்கினா கலகலன்னு சத்தம் வரணும். நம்மது ஊமை. பத்து டாலருக்குள்ள புதுசு வாங்கிட்டேன். இதை விட்டுட்டு கேஸ்கெட்டை மட்டும் மாத்தினா மறுபடி ஒழுகும்.

ரெண்டு பக்க கேஸ்கெட்டும் மாத்தியாச்சு. ஒரு சனிக்கிழமை போச்சு, விரல்ல ரெண்டு சிராய்ப்பு. போல்ட்டை ரொம்ப இறுக்கக் கூடாது, தகரக் கவர் வளைஞ்சு அதுவே புது ஒழுகலாயிடும். 'ஸ்டாப் லீக்' திரவம் விறைச்ச ரப்பர் சீலைக் கொஞ்சம் இளக்கலாம், நொறுங்கின கார்க்கை ஒட்ட வைக்காது.

இப்ப புகை இல்லை, வாசனை இல்லை. பின்பக்கம் மட்டும் ராத்திரிக்கு ஒரு சொட்டு விழுது. அது தரையில விழுது, சூட்டுல விழலை. டிப்ஸ்டிக்கைப் பார்த்துக்கிட்டு இந்த வருஷத்தை ஓட்டிடலாம்.

பி.கு: வண்டி கிட்டத்தட்ட 5 டன். வெறும் ஜாக்கியை நம்பி அடியில போயிடாதீங்க மக்களே. சக்கரத்துக்குக் கட்டை, அடியில ஸ்டாண்டு, அப்புறம்தான் மத்ததெல்லாம்.