நெய்வேலியில் நாலு நாள்

கும்பகோணத்தில் ஏறிய பஸ் வடலூரைத் தாண்டி நெய்வேலி ஆர்ச் கேட்டில் என்னை இறக்கிவிட்டது. தங்கை வீட்டுக்கு ஐந்து வருஷம் கழித்துப் போகிறேன். டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததுமே மனசு குளிர்ந்துவிடுகிறது. நேர்நேரான ரோடுகள், இரண்டு பக்கமும் மரங்கள், வீட்டைச் சுற்றித் தோட்டம். பிளாக் நம்பரைச் சொன்னால் போதும், ஆட்டோக்காரர் வாசலில் கொண்டுபோய் விடுவார்.

தங்கை மகனுக்கு எட்டு வயசு. ஆட்டிசம் என்று மூன்று வயசிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு அதிகம் வராது. ஊரிலேயே இருக்கும் ‘ஸ்நேகா’ சிறப்புப் பள்ளிக்குப் போகிறான்.

ஆசையாகக் கட்டிக்கொள்ளப் போனேன். கையை நீட்டித் தடுத்து, “வேண்டாம்” என்றான். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. தங்கை கண்டிப்பாள் என்று பார்த்தால், “அழகா சொன்னேடா கண்ணா” என்கிறாள்! உள்ளதைச் சொல்கிறேனே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் தங்கை கணவர் எல்லோரையும் சுரங்கப் பக்கம் அழைத்துப் போனார். ராட்சதச் சக்கர இயந்திரங்கள் மேல்மண்ணை வாரிப் போட, அது மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறதாம். ராப்பகலாக பம்ப் வைத்து இறைத்தபடியே இருக்க வேண்டுமாம். “விட்டா, தரையைப் பொத்துக்கிட்டு வந்துடும்” என்றார்.

“இவனும் அப்படித்தான்க்கா” என்றாள் தங்கை. ஐந்து வயசு வரை அவனுக்குப் பதிலாக எல்லாவற்றுக்கும் இவளே பதில் சொல்லி வந்தாளாம். முடிவெட்டப் போனால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வானாம். அவனுக்கு வேண்டாம் என்று சொல்ல வேறு வழி தெரியவில்லை!

பிறகுதான் சின்னதாக ஆரம்பித்திருக்கிறாள். இரண்டு சட்டையைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டு, அவன் கை நீட்டும் வரை காத்திருப்பது. ‘போதும்’ என்பதற்கு உள்ளங்கை படம் போட்ட ஓர் அட்டை. இப்போது முடிவெட்டும்போது அட்டையைத் தூக்கினால் கத்தரி நிற்கும். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி அவனே தலையைக் கொடுப்பான். குக்கர் வைக்கும்போதும், “விசில் வரப்போகுது, இங்கே இருக்கியா, தோட்டத்துக்குப் போறியா?” என்று கேட்கிறாள்.

“எல்லாத்துக்கும் வேண்டாம்னா?” என்றேன்.

“ஊசிக்கு விட முடியுமா? ‘பிடிக்கலைன்னு தெரியுது, ஆனா போட்டே ஆகணும். எந்தக் கையிலே போடலாம்?’னு கேப்பேன். நான் இல்லாத இடத்திலே யாராவது தப்பாத் தொட்டா, இவன் வேண்டாம்னு சொல்லணுமில்லையா அக்கா? பெரியம்மாகிட்டே சொல்லக்கூடாதுன்னா, அங்கே மட்டும் எப்படி வரும்?”

முந்தின ராத்திரி தூக்கம் கெட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. தங்களைப் பாதிக்கிற விஷயங்களில் இந்தக் குழந்தைகள் தங்கள் கருத்தைத் தாராளமாகச் சொல்லலாம், அதற்கு வயசுக்கேற்ற உதவியும் தர வேண்டும் என்று 4-வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நம் வீட்டுக் குழந்தைகளிடம்கூட நாம் இப்படிக் கேட்பதில்லையே!

புறப்படும் அன்று குனிந்து, “பெரியம்மா கட்டிக்கட்டுமா?” என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தங்கை கணவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருக்கிறார். நான் நகரவில்லை.

“வேண்டாம்” என்றான். பிறகு சுண்டு விரலை மட்டும் நீட்டினான். பிடித்துக்கொண்டேன்.