மறுமொழி இல்லாப் பேச்சு

பக்கவாதத்தால் விரல்கள் தளர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, நாக்பூர் வீட்டில் ரிமோட்டின் சிறு பொத்தான்கள் அழுத்த இயலாதவையாயின. மகள் அவற்றின் அகச்சிவப்புக் குறியீடுகளைப் பதிவுசெய்து, ஹோம் அசிஸ்டன்ட் என்னும் வீட்டுத் தானியக்க அமைப்பில் ஏற்றினார். அப்பாவுக்கு ஒரு பெரிய பொத்தான் போதும் என்பது எண்ணம்.

தொலைக்காட்சி எளிதில் இணங்கியது. அது பின்பற்றிய என்இசி நெறிமுறையில் ஒரு பொத்தானுக்கு ஒரு குறியீடு. 32 பிட்டுகளில் முகவரியும் கட்டளையும், பிழை அறிவதற்காக அவற்றின் எதிர்வடிவங்களும் அடங்கும். ஏசியின் இலக்கணம் வேறு. வெப்பநிலையை மட்டும் மாற்றினாலும் இயக்கமுறை, விசிறி வேகம் உட்பட முழு நிலையையும் அதன் ரிமோட் அனுப்பியது. ஆகவே ஒவ்வொரு நிலையையும் தனி வாக்கியம்போலப் பதிய வேண்டியிருந்தது.

மே மாத நண்பகல் ஒன்றில், ஏசி இயங்குவதாக மகளின் கைப்பேசி காட்டியது, அறையோ கொதித்துக்கொண்டிருந்தது. குறியீடு அனுப்பும் கருவியைத் திரைச்சீலை மறைத்திருந்தது. அகச்சிவப்பு ஒருவழிப் பேச்சு. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பதை அனுப்பியவர் அறிய வழியில்லை. அமைப்பு காட்டியது அறையின் நிலையை அன்று, தான் சொன்னதை மட்டுமே.

அன்று மாலையே அறையில் ஒரு வெப்ப உணரி பொருத்தப்பட்டது. பத்து நிமிடத்தில் வெப்பம் குறையாவிடில் கட்டளை மீண்டும் செல்லும். அதன்பின்னும் குறையாவிடில் மகளின் கைப்பேசி ஒலிக்கும்.