அந்த 23 மணி நேரம்: பிக் பாஸ் வீட்டுச் சுவருக்குப் பின்னால்!

கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீடுகளில் பிக் பாஸ் இரண்டு மொழியில் ஓடும். 1956 நவம்பர் 1-ம் தேதி இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்துவிட்டது. டி.வி ரிமோட் மட்டும் இன்னும் எல்லை பார்ப்பதில்லை. 2021 ஜனவரி 17-ம் தேதி கமல்ஹாசன் தொகுத்து வழங்கிய தமிழ் நான்காவது சீசன் முடிந்தது. சரியாக நான்கே வாரத்தில், பிப்ரவரி 14-ம் தேதி, மோகன்லாலின் மலையாள மூன்றாவது சீசன் தொடங்கியது. அந்த வீட்டை மூடினால் இந்த வீடு திறக்கும். பார்க்கிறவர்களுக்கு ஓய்வே கிடையாது.

மோகன்லால் வந்து போகும் அந்த வீடு களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் எங்கேயோ இருக்கிறது என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால், அது இருந்தது சென்னைக்கு வெளியே, பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கத்தில் உள்ள ஈ.வி.பி ஃபிலிம் சிட்டியில். தமிழ் பிக் பாஸ் வீடு இருக்கும் அதே வளாகம்தான்!

இந்த விஷயம் பலருக்கும் தெரியவந்தது ஒரு கெட்ட செய்தியோடு. கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த நேரம். தமிழ்நாட்டில் ஊரடங்கு. படப்பிடிப்புகளுக்கு அனுமதியில்லை. 2021 மே 19-ம் தேதி வருவாய்த்துறை அதிகாரிகள் வந்து மலையாள பிக் பாஸ் அரங்குக்கு சீல் வைத்தார்கள். போட்டியாளர்கள் ஹோட்டலுக்கு மாற்றப்பட்டார்கள். நிகழ்ச்சி பாதியில் நின்றது. இறுதிப்போட்டி ஆகஸ்ட் 1-ம் தேதிதான் ஒளிபரப்பானது. மணிக்குட்டன் ஜெயித்தார்.

அன்று தொற்று உறுதியாகியிருந்தது வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு அல்ல. சுவருக்கு வெளியே வேலை பார்த்த குழுவினர் சிலருக்கு. உள்ளே இருப்பவர்கள் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் பத்திரமாக இருந்தார்கள். அவர்களைப் படம்பிடித்தவர்கள்தான் அந்த உலகத்தில் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆக்குப்புரையில் இருப்பவர்கள்

நாஞ்சில் நாட்டுக் கல்யாணத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பந்தியில் உட்காருகிறவருக்கு இலையில் அவியல் தெரியும், எரிசேரி தெரியும், பாயசம் தெரியும். முதல் நாள் ராத்திரி முழுக்க ஆக்குப்புரையில் உட்கார்ந்து காய் வெட்டியவர்களைத் தெரியாது. பிக் பாஸிலும் நமக்குத் தெரிவது இலை மட்டும்தான்.

இந்த விளையாட்டு 1999 செப்டம்பரில் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' என்ற பெயரில் தொடங்கியது. இந்தியில் 2006-ல் 'பிக் பாஸ்' ஆனது. தமிழுக்கு 2017 ஜூன் 25-ம் தேதி வந்தது. '30 கேமரா, 100 நாள்' என்று விளம்பரம் செய்தார்கள். 30 கேமராவும் நாள் முழுக்க ஓடினால் ஒரு நாளைக்கு 720 மணி நேரக் காட்சி சேரும். நாம் பார்ப்பது விளம்பர இடைவேளையோடு சேர்த்து சுமார் ஒன்றரை மணி நேரம்.

அந்த வீட்டில் எங்கு பார்த்தாலும் கண்ணாடி. அது வெறும் அலங்காரமில்லை. உள்ளிருப்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. மறுபக்கம் இருப்பவருக்கு ஜன்னல். அதற்குப் பின்னால் வெளிச்சமில்லாத நடைபாதையில் கேமராவோடு ஆட்கள் நிற்பார்கள். சத்தம் போடக் கூடாது. தும்மல் வந்தாலும் அடக்க வேண்டும். இன்னொரு பக்கம் கட்டுப்பாட்டு அறை. சுவர் முழுக்கத் திரைகள். யாருடைய மைக்கைக் கேட்பது, எந்த கேமராவைத் தொடர்வது என்று அங்கே முடிவாகும். அதன் பிறகு கதைக்குப் பொறுப்பானவர்கள், எடிட்டர்கள். அவர்கள் ஷிஃப்ட் ஷிஃப்டாக வேலை பார்த்தால்தான் இன்று நடந்தது நாளை இரவு திரைக்கு வரும்.

குறும்படம் எங்கிருந்து வருகிறது?

முதல் சீசனில் ஓவியாவுக்கும் ஜூலிக்கும் நடுவே எழுந்த பிரச்னையில், நடந்தது என்ன என்று கமல் ஒரு 'குறும்படம்' போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டு வீடுகளில் அந்தச் சொல்லுக்கே அர்த்தம் மாறிவிட்டது. மாமியாரும் மருமகளும் வாக்குவாதம் செய்தால்கூட, 'குறும்படம் போடட்டுமா?' என்று பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள்.

ஆனால், அத்தனை மணி நேரக் காட்சிக்குள் அந்தச் சில விநாடிகளைக் கண்டுபிடிப்பது எப்படி? அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். 'லாகர்' என்பார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே, இத்தனை மணி, இத்தனை நிமிடம், இன்ன இடம், இன்னார் இன்னது சொன்னார் என்று தட்டச்சு செய்துகொண்டே இருப்பதுதான் வேலை. அந்தக் குறிப்பு இல்லையென்றால் எடிட்டர் கடலில் ஊசி தேட வேண்டியதுதான்.

இப்படிப் பின்னால் நிற்பவர்களைப் பற்றிய செய்திகள் எப்போதாவதுதான் முன்னால் வருகின்றன. 2017 ஜூலையில், பிக் பாஸ் அரங்கில் மும்பையிலிருந்து வந்தவர்களே அதிகம் வேலை பார்க்கிறார்கள், தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை வேண்டும் என்று ஃபெப்சி தலைவர் ஆர்.கே.செல்வமணி குரல் கொடுத்தார். 2018 செப்டம்பரில், இரண்டாவது சீசன் நடந்துகொண்டிருந்தபோது, அரங்கில் வேலைக்கு வந்த ஏ.சி மெக்கானிக் ஒருவர் தவறி விழுந்து இறந்தார். 2020 பிப்ரவரி 19-ம் தேதி இரவு, அதே ஃபிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் உயிரிழந்தார்கள். போட்டியாளர் ஒருவர் கோபத்தில் தட்டை வீசியது பத்து நாள் பேசப்படும். இந்தச் செய்திகள் கொஞ்ச நாளில் கீழே போய்விட்டன.

பூதப்பாண்டியிலிருந்து போன ஒருவர்

பூதப்பாண்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், இப்படி ஒரு ரியாலிட்டி ஷோவில் ஒரு சீசன் முழுக்க லாகராக வேலை பார்த்தார். எந்த ஷோ என்று அவர் சொல்வதில்லை. உள்ளே நடந்ததை வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அவருக்கு இரவு ஷிஃப்ட். ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே போனால் காலை எட்டு மணிக்கு வெளியே வருவார். போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்குள் விளக்கு அணைந்த பிறகு திரையில் பெரும்பாலும் தூக்கம்தான். யார் புரண்டு படுத்தார், யார் எழுந்து தண்ணீர் குடித்தார், யார் போர்வைக்குள் அழுதார் என்று எழுதிக்கொண்டே இருப்பார். விடிந்ததும் அறைக்குப் போய்ப் படுத்தால் மாலைதான் விழிப்பு.

அந்த நாள்களில் ஊரில் அவருடைய அப்பாவுக்கு சர்க்கரை அதிகமாகி, காலில் புண் வந்து, நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பிள்ளை வேலையில் இருக்கிறான், பயமுறுத்த வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அக்கா சொல்லித்தான் தெரிந்தது. பதறிப்போய் அம்மாவுக்கு போன் செய்தார்.

"கண்டவன் வீட்டுல எவன் எப்பம் ஒறங்குகான்னு எழுதுக. ஒங்க அப்பா ஒறங்கி எத்தன நாளாச்சுன்னு ஒனக்குத் தெரியுமா மக்களே?" என்றார் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவரால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் லீவு வாங்கி ஊருக்குக் கிளம்பினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று ராத்திரி, அம்மா வழக்கம்போல அந்த ஷோவைப் போட்டார். அவருக்குப் பிடிக்காத ஒரு பெண் போட்டியாளர் திரையில் வந்தார். "இவளப் பாத்தியா? திமிரு புடிச்சவ. ஒரு வேலையும் செய்ய மாட்டேங்கா. எப்பம் பாத்தாலும் படுத்துக் கெடக்கா."

அந்தப் பெண் ஏன் பகலில் படுத்துக் கிடக்கிறார் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் இன்னொருவருக்குக் காய்ச்சல். முந்தைய இரண்டு ராத்திரியும் அந்தப் பெண் விழித்திருந்து துணியை நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தார். நேரத்தோடு அதை எழுதியவரே அவர்தான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அதனால் ஒளிபரப்பில் இடமும் இல்லை. பகலில் தூங்கியது மட்டும் வந்தது. அதற்காக வந்த வசவுகளை போனில் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை.

சொல்லிவிட நாக்கு துடித்தது. கையெழுத்து ஞாபகம் வந்தது. கடைசியில் இவ்வளவுதான் சொன்னார்:

"அம்மா, அது ஒரு மணிக்கூர்தானே. மிச்சம் இருபத்துமூணு மணிக்கூரு அவ என்ன செஞ்சான்னு நமக்குத் தெரியாதுல்லா?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுத்து மகனைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்லா?"

அவர் ஒன்றும் பேசாமல் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். அம்மாவும் துருவிக் கேட்கவில்லை. ஷோவையும் நிறுத்தவில்லை. அந்த சீசன் முடியும் வரை தினமும் பார்த்தார். ஆனால், அந்தப் பெண்ணை மட்டும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை திட்டவில்லை.